ஒரு சாம்பல் கல்லின் பூர்வீகம்

எண்ணூரில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால், பெயரைக் கேட்பதற்கு முன்பே "உங்களுக்குப் பூர்வீகம் எது?" என்று கேட்டுவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், பக்கத்து எர்ணாவூர் அடுக்குமாடிகளில் அதே கேள்வியை நாம் திருப்பிக் கேட்டால் எர்ணாவூர் என்று பதில் வராது. சுனாமிக்குப் பிறகு அங்கே வந்து, அங்கேயே பேரப்பிள்ளை எடுத்தவர்கூட, கடலோரத்தில் இப்போது இல்லாத ஒரு தெருவின் பெயரைத்தான் சொல்வார்.

திருவொற்றியூர்ப் பக்கம் பழைய பிளாக்குகளை இடித்துவிட்டுப் புதிதாக வீடு எழுப்பிக்கொண்டிருந்த ஓர் இடத்தில் நான் இந்தக் கேள்வியோடு சுற்றிக்கொண்டிருந்தேன். பொன்னேரிக்காரரான வயதான கொத்தனார் ஒருவர் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டுச் சொன்னார்: "என்னைக் கேட்டீங்க, சித்தாளுங்களக் கேட்டீங்க. இதைக் கேளுங்க சார், இதுக்குப் பூர்வீகம் இன்னான்னு." அவர் தூக்கிக் காட்டியது ஒரு சாம்பல் நிறக் கல். ஒன்பது அங்குல நீளம், நாலு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான அகலம், மூன்று அங்குல உயரம், கிட்டத்தட்ட மூன்று கிலோ எடை.

செங்கல் என்று அதைச் சொல்ல வாய் வராது. சிவப்பே இல்லாததை எப்படிச் செங்கல் என்பது? ஃப்ளை ஆஷ் கல் என்பார்கள், சிலர் சிமெண்ட் கல் என்பார்கள். அந்த சைட்டில் பூமி பூஜைக்கு மட்டும் ஐந்து சிவப்புக் கல்லை வெளியிலிருந்து வாங்கி வந்து மஞ்சள் குங்குமம் வைத்தார்களாம். "சாமி முன்னாடி சாம்பல வெக்க முடியுமா சார்?" என்றார். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்.

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அது விளையாட்டாக முடியவில்லை.

அந்தக் கல்லின் பூர்வீகம் ஒடிசா. அங்குல் மாவட்டத்தில் தால்ச்சேர் என்ற ஊர், மகாநதிப் படுகையின் நிலக்கரி வயல். ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே காடுகள் அழுகிப் படிந்துகொண்டிருந்தபோது, ஆறுகள் சும்மா இருக்கவில்லை. வெள்ளம் வரும்போதெல்லாம் வண்டலைக் கொண்டுவந்து அந்தக் குவியலில் கலந்துகொண்டே இருந்தன. நம் நாட்டு நிலக்கரியில் 35 முதல் 45 சதவீதம் வரை சாம்பல் இருப்பதற்கு அந்த ஆறுகள்தான் காரணம். இந்தோனேசியாவிலிருந்து வரும் நிலக்கரியில் சாம்பல் இதைவிடப் பல மடங்கு குறைவு. ஆக, நிலக்கரி என்று காசு கொடுத்து வாங்கிக் கப்பலேற்றுவதில் ஐந்தில் இரண்டு பங்கு, தீப்பிடிக்காத பழைய ஆற்று மண். நாட்டுச் செங்கல்லும் ஏரி, ஆற்று வண்டலில் பிறப்பதுதான். சாம்பல் கல்லும் அதே குலம். வெந்த இடம் சூளை அல்ல, கொதிகலன், அவ்வளவுதான்.

இங்கே ஓர் இடைச்செருகல். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவின் பலாங்கீர் பகுதியிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் ரயிலேறி வருகிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து, மழை தொடங்குவதற்குள் கல் அறுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். சிவப்புக் கல்லுக்கு ஒடிசாவிலிருந்து ஆள் வருகிறது. சாம்பல் கல்லுக்கு ஒடிசாவிலிருந்து மண்ணே வந்துவிடுகிறது.

தால்ச்சேரிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம். அங்கிருந்து கப்பலில் எண்ணூர். தமிழக மின்வாரியத்துக்கு நிலக்கரி ஏற்றி வருவதற்கென்றே மாநில அரசு 1974-இல் பூம்புகார் கப்பல் கழகத்தைத் தொடங்கியது. ஒரு காலத்தில் 'தமிழ் அண்ணா', 'தமிழ் பெரியார்', 'தமிழ் காமராஜ்' என்ற மூன்று கப்பல்கள் அதற்கு இருந்தன. பூம்புகார் என்ற பெயருக்கு மிளகு மூட்டையும் குதிரையும் ஞாபகம் வரும் நமக்கு, இதில் ஏறியதெல்லாம் கரி. தலைவர்கள் பெயர் தாங்கிய கப்பல்கள் கரி சுமந்ததை யாரும் குறையாகச் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தக் கரி முன்பெல்லாம் சென்னைத் துறைமுகத்திலும் இறங்கிக்கொண்டிருந்தது. ராயபுரத்தில் மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி கருத்துப்போகும் என்பதை அந்தத் தலைமுறைப் பெண்களிடம் கேட்டால் இன்றைக்கும் கோபத்தோடு சொல்வார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2011 அக்டோபர் முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத் தாது போன்ற தூசுச் சரக்குகளைக் கையாளக் கூடாது என்றது. ராயபுரத்துக்கு மூச்சு வந்தது. கரி எங்கே போயிற்று? கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர் வடக்கே, எண்ணூருக்கு. 2001-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், இப்போதைய காமராஜர் துறைமுகம், பிறந்ததே மின்நிலையத்துக்குக் கரி இறக்குவதற்காகத்தான். சென்னையில் ஒரு தொல்லை தீர்கிறது என்றால் வரைபடத்தில் அது வடக்கே நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

கப்பலிலிருந்து பெல்ட். பெல்ட்டில் ஏறி அத்திப்பட்டு, வடசென்னை அனல்மின் நிலையம். 1990-களின் நடுவில் 210 மெகாவாட் அலகு மூன்றோடு தொடங்கி, பிறகு 600 மெகாவாட் அலகு இரண்டு, 2024-இல் 800 மெகாவாட் அலகு ஒன்று என வளர்ந்தது. பக்கத்திலேயே வல்லூரில் மத்திய, மாநில நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் 1,500 மெகாவாட் நிலையம். 1970-இல் வந்த பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. வயதானவர்களுக்கு 'பவர் ஹவுஸ்' என்றால் இன்றும் அதுதான்.

கொதிகலனுக்குள் போகும் முன் நிலக்கரியை முகப்பவுடர் அளவுக்கு அரைத்துவிடுகிறார்கள். ஊதி உள்ளே விட்டதும் 1,300, 1,400 டிகிரி சூட்டில் பற்றிக்கொள்கிறது. கரி எரிந்து போகிறது. அதற்குள் இருந்த ஆற்று மண் பறந்துகொண்டே உருகி, பறந்துகொண்டே குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் குண்டுமணிகளாகிறது. அதனால்தான் பறக்கும் சாம்பல் என்று பெயர். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள், அடுப்புச் சாம்பல்போல் நறநறக்காது, வழுக்கும். உருண்டை என்பதால் வழுக்குகிறது. பாத்திரம் துலக்க உதவாது. புகையோடு வெளியேறப் பார்க்கும் இந்த மணிகளை மின்னேற்றிய தகடுகள் இழுத்துப் பிடிக்கின்றன. சுத்தியல்கள் அவ்வப்போது தகட்டைத் தட்டிவிட, சாம்பல் கீழே ஹாப்பரில் விழுகிறது.

ஹாப்பரின் வாயில்தான் ஒரு சாம்பல் துகளின் தலையெழுத்து இரண்டாகப் பிரிகிறது.

முதல் வழி தண்ணீரோடு போவது. சாம்பலைக் கரைத்துக் கூழாக்கி, கிலோமீட்டர் கணக்கில் நீளும் குழாய்களில், கொசஸ்தலையாற்றைத் தாண்டி செப்பாக்கத்துச் சாம்பல் குட்டைக்கு அனுப்புவது. நூற்றுக்கணக்கான ஏக்கர். வெயில் காலத்தில் அங்கே காற்று எழுந்தால் ஊரில் சோற்றுத் தட்டை மூடித்தான் வைக்க வேண்டும். குழாய் அங்கங்கே வெடித்துக் கசிந்ததில், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களின் கழிமுகத்தில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துகொண்டே வந்தது. இறால் பிடிக்க ஆற்றில் இறங்கினால் கால் சேற்றில் புதைவதும் சாம்பலில் புதைவதும் வேறு வேறு என்று அவர்கள் சொல்வார்கள்: சேறு விட்டுவிடும், சாம்பல் பிடித்துக்கொள்ளும். 2017-இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' என்று பாடிப் படமெடுத்தது இந்த ஆற்றங்கரையில் நின்றுதான். வழக்குகள் நடந்தன, 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பலை அகற்றி ஆற்றை மீட்கச் சொன்னது.

புறம்போக்கு என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். வரி கட்டத் தேவையில்லாத பொது நிலத்துக்கு வருவாய்க் கணக்கில் இருந்த பெயர். ஏரி, கழிமுகம், மேய்ச்சல், சுடுகாடு எல்லாம் அதில் வரும். புறம்போக்கில் ஓர் ஏழை ஓலைக் கொட்டகை போட்டால் அது ஆக்கிரமிப்பு. சாம்பலைக் கொட்டினால் அது திட்டம்.

இரண்டாவது வழி உலர்ந்தே போவது. நம் கல் இந்த வழியில் வந்தது. 1999 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை போட்டது: அனல்மின் நிலையத்துக்கு 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் சூளைகள் களிமண்ணோடு குறைந்தது 25 சதவீதம் சாம்பல் கலக்க வேண்டும். விளைநிலத்து மேல்மண்ணைக் காப்பாற்றுவது நோக்கம். பிறகு திருத்தத்துக்கு மேல் திருத்தம். 2016-இல் வட்டம் 300 கிலோமீட்டராக விரிந்தது. ஆயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட அரசுத் திட்டக் கட்டடங்களில் சாம்பல் பொருள் கட்டாயமானது. 2021 டிசம்பர் அறிவிக்கை, பயன்படுத்தாமல் விட்ட சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு என்றது. குடிசை மாற்று வாரியத்தின் சுவருக்குச் சாம்பல் கல் வந்தது யாருடைய ரசனையாலும் அல்ல, இந்தச் சட்டத்தால்.

உலர் சாம்பலில் பெரும்பங்கு சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. கடையில் பி.பி.சி. என்று வாங்கும் சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் சாம்பல்தான். அதனால் 'எங்கள் வீட்டில் சாம்பல் இல்லை, சுத்தமான செங்கல்' என்று அடையாரில் யாராவது பெருமை பேசினால் அவர்களுடைய காரையைச் சுரண்டிப் பார்க்கலாம். எண்ணூர் எல்லார் வீட்டிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மிச்சம் சின்னச் சின்ன கல் யார்டுகளுக்கு வருகிறது. மீஞ்சூர்ப் பக்கம் அப்படி ஒரு யார்டில் ஒரு பகல் உட்கார்ந்திருந்தேன். கேப்சூல் லாரி வந்து நின்றது. குழாயைச் சொருகியதும் சாம்பல் தண்ணீர்போல் சைலோவுக்குள் ஏறியது. கலவையில் பாதிக்கு மேல் சாம்பல், பிறகு கல்குவாரித் தூள், சுண்ணாம்பு அல்லது சிமெண்ட், ஒரு பிடி ஜிப்சம். இந்த ஜிப்சமும் பெரும்பாலும் கழிவுதான், பாஸ்பேட் உர ஆலையின் மிச்சம். சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றும் சேர்ந்து சூளையே இல்லாமல் கல்லாக இறுகும் முறையை விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த பானுமதிதாஸ், காளிதாஸ் என்ற இருவர் வகுத்தார்கள். ஃபால்-ஜி என்று பெயர் வைத்தார்கள். அடிப்படை சங்கதி நம் தாத்தாக்களுக்குத் தெரிந்ததே. சுண்ணாம்பில் செங்கல் தூளைப் போட்டு அரைத்த சுர்க்கிச் சாந்து நினைவிருக்கிறதா? ஜார்ஜ் டவுனின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளை இன்றும் தாங்குவது அதுதான். வெந்த மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தில் மெல்ல மெல்லக் கல்லாகும். ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலில் செய்ததும் இதே வேலை. எண்ணூரில் எரிமலை இல்லை. நாலைந்து புகைபோக்கிகள் இருக்கின்றன.

அழுத்து இயந்திரம் ஒவ்வொரு முறை இறங்கி எழும்போதும் பலகையில் ஈரக் கற்கள் வரிசையாகப் பிறக்கின்றன. அன்றே தூக்கினால் பொடிந்துவிடும். இரண்டு மூன்று வாரம் தண்ணீர் காட்ட வேண்டும். யார்டு முதலாளி சொன்ன கஷ்டமெல்லாம் தண்ணீரைப் பற்றியும் காத்திருப்பதைப் பற்றியும்தான். "அவசரத்துக்கு பச்சைக் கல்லையே ஏத்திக்கினு போறாங்க தம்பி. அப்புறம் சுவர் வெடிச்சிச்சுன்னா கல்லுக்குக் கெட்ட பேரு." நல்ல கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார்; கணீரென்றது. வேறு அடுக்கிலிருந்து இரண்டை எடுத்துத் தட்டினார், தொம்மென்றது. "இது இன்னும் கொழந்த," என்று திரும்ப வைத்துவிட்டு, ஹோஸைத் திறந்தார்.

கணீர் என்ற அடுக்கிலிருந்து ஒரு லோடு கிளம்பி, எண்ணூர் விரைவுச் சாலையில், கண்டெய்னர் லாரிகளின் நடுவே ஊர்ந்து, பட்டினத்தார் அடங்கிய கோயிலைத் தாண்டித் திருவொற்றியூர் வந்து சேர்ந்தது. இப்படி வந்த கல்லைத்தான் கொத்தனார் என்னிடம் தூக்கிக் காட்டினார்.

இனி இந்தக் கல் என்ன சுவராகப்போகிறது என்பதைச் சொல்ல வேண்டும். நான் இவ்வளவு தூரம் அதன் பின்னால் அலைந்ததே அதற்காகத்தான்.

நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை என்றால் நடைபாதையில் படுத்திருப்பவர்கள்தான் நம் மனக்கண்ணில் வருகிறார்கள். 2012-இல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு, பொருளாதார அறிஞர் அமிதாப் குண்டு தலைமையில், கணக்குப் போட்டபோது நாட்டின் நகரங்களில் 1 கோடியே 87 லட்சத்து 80 ஆயிரம் வீடுகள் குறைவு என்றது. தமிழ்நாட்டின் பங்கு 12 லட்சத்து 50 ஆயிரம். அந்தக் கணக்கின் உள்ளே போனால் ஒரு திகைப்பு காத்திருக்கிறது. வீடே இல்லாதவர்கள் ஐந்து லட்சம் சொச்சம்தான். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி, அதாவது ஐந்தில் நான்கு பங்கு, 'நெரிசல்' என்ற தலைப்பில் இருக்கிறது. நெரிசலுக்கு அந்தக் குழு வைத்த இலக்கணம்: வீட்டில் ஒரு தம்பதிக்காவது தனியறை இல்லாமல் இருப்பது.

கூரை இருக்கிறது, கதவு இருக்கிறது, ரேஷன் கார்டில் முகவரி இருக்கிறது. நடுவில் ஒரு சுவர் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் தாத்தா பாட்டி, மகன் மருமகள், இரண்டு குழந்தைகள். இரவு எட்டு மணிக்கு மேல் குறுக்கே ஒரு புடவையைக் கட்டுகிறார்கள். நம் நகரங்களின் பற்றாக்குறையில் பெரும்பகுதி அந்தப் புடவைதான்.

அந்தப் புடவையைச் சுவராக்க எவ்வளவு கல் வேண்டும்? பத்தடி நீளம், ஒன்பதடி உயரம், கதவுக்கு இடம் விட்டு, நாலரை இஞ்ச் கனத்தில் கட்டினால் சுமார் 300 கல். கொத்தனாரும் அதையேதான் சொன்னார். ஒரு கல்லில் சாம்பல் ஏறக்குறைய 1.8 கிலோ. அதற்கு எரிந்த நிலக்கரி நாலரைக் கிலோ. அதில் கிடைத்த மின்சாரம் ஆறு யூனிட்டுக்குச் சற்று மேல். 2016 முதல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அது முழுக்கக் கரியிலிருந்து வந்ததாக வைத்துக்கொண்டால் பில்லுக்குப் பதினைந்து கல் தேறும். மூன்று வருடத்துக்குச் சற்று மேல் ஒரு குடும்பம் இலவச மின்சாரத்தில் விளக்கெரித்து மிக்ஸி ஓட்டிய சாம்பலில், அந்த வீட்டின் தம்பதிக்கு ஒரு தனியறைச் சுவர் எழுப்பிவிடலாம்! ஒரு டீக்கடை பெஞ்சில், பில்லின் பின்பக்கம் போட்ட கணக்கு இது, பொறியாளர்கள் மன்னிக்கவும்.

கல்லுக்குப் பஞ்சமில்லை என்றால் சுவர் ஏன் எழும்பவில்லை? எழுப்ப அடியில் தரை வேண்டும். 2011 கணக்கெடுப்பில் பழைய சென்னையின் மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். அதே ஆண்டு மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்து, கத்திவாக்கத்தையும் திருவொற்றியூரையும் உள்ளே இழுத்துக்கொண்டது. எல்லை விரிந்தால் தரை விரியாது.

தரை குறைந்த இடத்தில் சுவரின் கனமே வீட்டை விழுங்கும். இருபதுக்குப் பதினாறு அடி உள்ளளவு கொண்ட வீடு, 320 சதுர அடி. பிரதமர் வீட்டுத் திட்டம் ஏழைகளுக்கு வைத்த 30 சதுர மீட்டர் வரம்பை ஒட்டி வரும். சுற்றிலும் ஒன்பது இஞ்ச் சுவர் வைத்தால் சுவருக்கே 56 சதுர அடி போகிறது. நாலரை இஞ்சாக்கினால் அதில் பாதி மிச்சம். 28 சதுர அடி என்பது ஒரு கட்டில் போடும் இடம். தூணும் உத்தரமும் எடையைச் சுமக்கும் அடுக்குமாடியில் சுவர் ஒரு மறைப்புதான், அதனால் மெலியலாம். அளவு பிசகாத, ஓரம் கூர்மையான சாம்பல் கல் இங்கே கைகொடுக்கிறது. பூச்சும் மெல்லியதாகப் போதும். அதற்கு விலையும் உண்டு. மெலிந்த சுவர் மேற்கு வெயிலைத் தடுக்காது, பக்கத்து வீட்டுச் சண்டையையும் தடுக்காது. கொத்தனார் மூன்று நாலு வரிசைக்கு ஒருமுறை கம்பி வைத்தார். "ஒன்பது இஞ்சுன்னா நின்னுக்கும். இதுக்குக் கை குடுக்கணும்."

1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது நகருக்குள்ளேயே, குடிசை இருந்த இடத்திலேயே மூன்று நாலு மாடி எழுப்புவதுதான் பெரும்பாலும் வழக்கம். வீடு இருநூறு சொச்சம் சதுர அடிதான். ஆனால் வேலையும் பள்ளியும் கடலும் நடக்கும் தூரத்தில். 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊர் விளிம்புக்குப் போனார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், எட்டடுக்கு. சதுர அடி கூடியது, தூரமும் கூடியது. 2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. என் கணக்கில், நகருக்குள் கிடைக்கும் 250 சதுர அடி, முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கிடைக்கும் 400 சதுர அடியைவிடப் பெரிய வீடு. பேருந்தில் செலவாகும் மூன்று மணி நேரத்தை யாரும் தரைப்பரப்பில் சேர்ப்பதில்லை.

அதிலும் மீனவர் வீடு என்றால் கணக்கே வேறு. வலை உலர்த்த இடம், படகு எஞ்சினைத் தூக்கி வந்து வைக்க இடம், ஐஸ் பெட்டி, கருவாடு. இவற்றுக்குக் குப்பத்தில் வாசல் இருந்தது. வீட்டைவிட வாசல் பெரிது. அடுக்குமாடியில் வாசல் என்பது செருப்பு விடும் இடம். வரைபடம் போடுகிறவர் கூடம், படுக்கையறை, சமையலறை என்று வெட்டுகிறார். எஞ்சின் எந்த அறையில் தூங்கும் என்று கேட்பதில்லை. எர்ணாவூரில் மாடிப்படிக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிய எஞ்சினைப் பார்த்திருக்கிறேன்.

பழைய பிளாக்குகளை இடிப்பதற்கும் காரணம் இருக்கிறது. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993-இல் கட்டிய வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக், 2021 டிசம்பர் 27 அன்று காலை அப்படியே சரிந்தது. 24 வீடுகள். விரிசல் விடுவதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் எல்லாரையும் வெளியே வரச் செய்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. வீட்டுக்கு ஆயுள் 28 வருடம் என்றால் கடன் கட்டி முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும். அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புது வீட்டுப் பூச்சு, கை வைத்தாலே உதிர்ந்து, சட்டமன்றம் வரை போனது. கடலோரத்தில் உப்பு கம்பியைத் தின்னும். துரு கம்பியைப் பருக்க வைத்து கான்கிரீட்டைப் பிளக்கும். இந்த உப்பு உள்ளே இறங்குவதைத் தடுப்பதில் சாம்பல் கலந்த கான்கிரீட் மற்றதைவிடக் கெட்டி. நிபந்தனை ஒன்றுதான், நாள் தவறாமல் தண்ணீர் காட்ட வேண்டும். யார்டில் ஹோஸ் பிடித்தவர் சொன்ன அதே விஷயம். சாம்பலுக்குப் பொறுமை வேண்டும். டெண்டருக்குத் தேதி இருக்கிறது.

அந்த சைட்டில் சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒரு சித்தாள் அம்மா உடைசல் கற்களில் நல்ல பாதிகளாக நாலு பொறுக்கி, சிமெண்ட் பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நின்றார். மேஸ்திரி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். எங்கே போகிறீர்கள் என்றேன். எண்ணூர், ஆற்றோரம். நானும் ஏறிக்கொண்டேன். பூர்வீகம் கேட்டேன்.

"எனக்கா? இதே ஊருதான் தம்பி. எங்க ஆயா காலத்துலேர்ந்து." அன்று முழுக்கக் கேட்டதில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். பட்டா இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார்.

ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சுவரில் முழங்காலுக்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலியிலிருந்து ஆற்றில் கலந்து வந்த எண்ணெய் ஏறி நின்ற அளவு. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் கோடு வெளியே வந்துவிடுகிறதாம். ஜன்னலில் மின்நிலையத்துப் புகைபோக்கி தெரிந்தது. அறையின் குறுக்கே ஒரு கயிறு, அதில் சுருட்டி ஒதுக்கிய நீலப் புடவை. தை மாதம் மகனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

மூலையில் ஃப்ரிட்ஜ், நாலு பக்கமும் மூன்று மூன்று அரைக்கல்லின் மேல், கோட்டுக்குச் சமமாக நின்றது. அதை ஒட்டிச் சுவரோரமாக இன்னும் ஓர் அடுக்கு, எல்லாம் சாம்பல் கல், எல்லாம் பாதி. அவர் பையைக் கவிழ்த்து நாலையும் அதன் மேல் வைத்தார்.

"இதோட எழுபத்தி ரெண்டு ஆவுது," என்றார். "நடுவுல சுவர் வெச்சிரலாம்னு சேக்கறேன். மழைக் காலம் வந்தா பீரோவுக்கு அடியில எடுத்து வெச்சிடுவேன். அப்புறம் திரும்ப எண்ணிக்கணும்."